பதினான்காம் தூணுக்கு அப்பால்

அந்த நிலத்தடி ரயில் நிலையத்தில் தெற்கு வாசலுக்குப் போகும் வழியைத் திட்டாத பயணி கிடையாது. மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நாற்சந்திக்கு நேர் கீழே வட்டமான டிக்கெட் கூடம், அதிலிருந்து மூன்று வாசல்கள். ஒரு தளம் இறங்கினால் நீண்ட நடுக்கூடம். இன்னொரு தளம் இறங்கினால் எதிரெதிராக இரண்டு நடைமேடைகள். தெற்கு வாசலுக்கு மட்டும் நடுக்கூடத்திலிருந்து தனியாக ஒரு நடைவழி, கடைத்தெருவுக்கு அடியில் ஓடியது. முதல் நாற்பத்திரண்டு மீட்டர் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். பதினான்காம் தூண் வந்ததும் சுவர் முகத்தில் முட்டும். இடப்பக்கம் திரும்பி, ஆறு படி ஏறி, பதினோரு மீட்டர் நடந்து, வலப்பக்கம் திரும்பி, ஆறு படி இறங்கினால்தான் மறுபடி நேர்வழி. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் அந்தப் படியில் நின்று, இதைக் கட்டினவன் என்ன போட்டுக்கொண்டு கட்டினான் என்று கேட்பார்கள்.

அதற்கு ஒரு பதில் அச்சில் இருந்தது. டிக்கெட் கவுண்டரில் கேட்டால் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். நிலையத்தின் வரலாறும் அமைப்பும் அதில் இருபத்து நான்கு பக்கத்தில் அடங்கியிருந்தன. தெற்கு வழியைத் தோண்டியபோது உடைக்க முடியாத பாறை குறுக்கிட்டது என்றும், பொறியாளர்கள் சாமர்த்தியமாக அதைச் சுற்றி வழியை வளைத்தார்கள் என்றும் பதினோராம் பக்கம் சொன்னது. எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமை வரைவாளர். ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் மேடையேறி அந்தப் பாறைக் கதையைச் சொல்வார், கூட்டம் கைதட்டும்.

பராமரிப்புப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக வரைபடம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் கைதட்டியிருக்கிறாள். அவளை ஸ்கேலம்மா என்று கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கைப்பையில் ஸ்கேல் வைத்திருந்ததால் அந்தப் பெயர். யாராவது தப்பான அளவோடு ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினால், பேசாமல் ஸ்கேலை எடுத்து மேஜைமேல் வைப்பாள். நீட்டியவர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அவளுக்கும் அந்த நிலையத்துக்கும் வேறொரு தொடர்பு இருந்தது. அதை அவள் அலுவலகத்தில் சொன்னதில்லை. அவளுடைய அப்பா அந்தக் குழியில்தான் வேலை பார்த்தார். தச்சர். தோண்டத் தோண்ட மேல்மண் சரியாமல் இருக்க மரமுட்டு கொடுப்பது அவர் வேலை. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது ஒரு மாதம் பன்னிரண்டாம் தேதி காலையில் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. நிறைமாதமாக இருந்த அம்மா மூன்றாம் நாள் வேலைத்தலத்துக்குப் போய் நின்றாள். ஒப்பந்தக்காரரின் குமாஸ்தா வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டிப் படித்துச் சொன்னார். மூன்று பெயர்களுக்கு நேரே ஒரே கையெழுத்தில் 'வேலையை விட்டு நின்றுவிட்டார்' என்று எழுதியிருந்தது. மூன்று பேரும் பையோடு பேருந்து நிலையத்தில் நின்றதைப் பார்த்தவர் இருக்கிறார் என்றும் குமாஸ்தா சொன்னார். தம்பி இருபத்து மூன்றாம் தேதி பிறந்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்பாவுக்குப் பெயர் ஓடுகாலி. தையல் மெஷினில் நூல் அறுந்தாலும் ஓடுகாலி, கூரை ஒழுகினாலும் ஓடுகாலி. அவருடைய ஒரே புகைப்படத்தை அம்மா நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டாள். பள்ளிக்கூடத்தில் ஓடிப்போனவன் மகள் என்று பிள்ளைகள் கேலி செய்தபோது, ஸ்கேலம்மா அழுதுகொண்டு வந்து அம்மாவிடம் சொன்னாள். உண்மையைத்தானே சொல்கிறார்கள் என்று அம்மா தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தாமல் சொன்னாள். அவளும் அப்படியே நம்பி வளர்ந்தாள். அப்பாவை வெறுப்பது அவளுக்குப் பல் விளக்குவது மாதிரி ஆகிவிட்டது.

ஐம்பதாவது வயதில் அந்த வேலை அவள் மேஜைக்கு வந்தது. நிலையத்தைப் புதுப்பிக்கிறார்கள். சக்கர நாற்காலி போக வசதியாகத் தெற்கு வழியை நேராக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். கூடவே நிலையத்தின் வரலாற்றையும் அமைப்பையும் விளக்கும் பெரிய பலகை ஒன்று டிக்கெட் கூடத்தில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் பழைய வரைபடங்கள் தேவை. கிட்டங்கியில் வரைபடங்களைச் சுருட்டி வைத்திருந்த தகரக் குழாய்களை எல்லாம் இறக்கச் சொல்லி, தூசி தட்டி, ஒவ்வொன்றாக விரித்தாள்.

முதலில் மண்பரிசோதனைத் தாள் கிடைத்தது. கடைத்தெரு நெடுக எட்டு இடத்தில் துளை போட்டுப் பார்த்திருந்தார்கள். எட்டிலும் முப்பது மீட்டர் ஆழம்வரை களிமண். பாறை என்ற சொல்லே இல்லை. நடைவழி ஓடும் ஆழம் ஒன்பது மீட்டர்.

தாள் மாறிவிட்டதோ என்று எண்களைச் சரிபார்த்தாள். மாறவில்லை. பிறகு வேலை முன்னேற்றம் காட்டும் வரைபடங்களை எடுத்தாள். எவ்வளவு தூரம் தோண்டியாயிற்று என்று அவற்றில் தினமும் கோடு போட்டு வைப்பார்கள். ஒரு தாளில் வழி வளையாமல் நேராக ஓடியது. பதினான்காம் தூணைத் தாண்டி இன்னும் ஒன்பது மீட்டர் தோண்டி முடித்ததாகக் கோடு இருந்தது. தேதி பதினொன்று. அடுத்த தாளின் தேதி பதினெட்டு. அதில் பதினான்காம் தூணிலேயே வழி திரும்பியிருந்தது. தோண்டிய ஒன்பது மீட்டரைக் காணவில்லை. அந்த இடத்தில் குறுக்குக்கோடு போட்டு 'கடும்பாறை' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் தலைமை வரைவாளரின் முதலெழுத்துகள்.

பாறைக்குள் ஒன்பது மீட்டர் எப்படித் தோண்டினார்கள்? தோண்டிய பிறகு பாறை எங்கிருந்து வந்தது? அவள் இந்த இரண்டு கேள்வியோடு நின்றிருப்பாள். ஆனால் மாதத்தையும் வருடத்தையும் பார்த்தாள். தம்பியின் பிறந்த தேதியிலிருந்து பதினோரு நாளைக் கழித்துப் பார்த்தாள். இரண்டு தாள்களுக்கும் நடுவில் அந்தப் பன்னிரண்டாம் தேதி உட்கார்ந்திருந்தது.

காதுமடல் சுட்டது. இரண்டு தாள்களையும் படம் எடுத்துக்கொண்டு, மதியமே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தலைமை வரைவாளர் வீட்டுக்குப் போனாள்.

அவர் நான்காம் மாடியில், பூந்தொட்டிகள் அடுக்கிய பால்கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். எண்பது வயதுக்கு நல்ல தெம்பு. பலகைக்காகத் தகவல் கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து, மனைவியைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நிலையம் உருவான கதையை மேடையில் சொல்வது போலவே ஆரம்பித்தார். பாறை வரும்வரை ஸ்கேலம்மா பொறுத்தாள். பாறை வந்ததும் படங்களை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நாளாயிற்று, ஞாபகம் இல்லை என்றார். அந்தக் காலத்தில் எழுத்தர்கள் தேதியைத் தப்பாகப் போடுவார்கள் என்றார். அவள் ஸ்கேலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"எங்கப்பா அங்க முட்டு கொடுத்துக்கிட்டிருந்தார், சார். பன்னெண்டாம் தேதி வேலைக்கு வந்தவர். பதிவேட்டுல நின்னுட்டார்னு எழுதியிருக்கு."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பேசியபோது மேடைக் குரல் போய்விட்டிருந்தது. அன்று காலை பத்து மணிக்கு மண் இறங்கியதாகச் சொன்னார். தோண்டும் முனையில் மூன்று பேர் இருந்தார்கள். மேலே கடைத்தெருவில் சாலை விரிசல் விட்டது. ஒரு துணிக்கடையின் சுவர் சாய ஆரம்பித்தது. உள்ளே போய்த் தோண்டினால் தெருவே உட்கார்ந்துவிடும் என்று ஒப்பந்தக்காரரும் பெரிய பொறியாளரும் முடிவு செய்தார்கள். மறுநாள் மத்தியானம் கான்கிரீட்டை ஊற்றி அடைத்தார்கள்.

"மறுநாள் மத்தியானம்தான் ஊத்துனாங்களா? அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பாத்துக்கிட்டிருந்தோம்."

"சத்தம் கேட்டுச்சா?"

அவர் பூந்தொட்டிகளைப் பார்த்தார். தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டிருந்தார்.

"முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் கேட்டுச்சும்மா. மரத்துல தட்டுற சத்தம். அப்புறம் இல்ல."

ஸ்கேலம்மாவுக்கு அந்த மனிதரை நாற்காலியோடு தூக்கிப் பால்கனிக்கு வெளியே போட வேண்டும் போல இருந்தது. அதைப் பிற்பாடு அவளே சொன்னாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. யார் இந்தத் தாளை வரையச் சொன்னது என்று மட்டும் கேட்டாள்.

"மேல இருந்து சொன்னாங்க. நான் சாதாரண வரைவாளன். அப்ப எனக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். வரையச் சொன்னா வரையணும், வேற என்ன பண்ண முடியும்? நீயும் அதே வேலைதானே பாக்கறே."

"வரையச் சொன்னதை வரைஞ்சீங்க, சரி. புத்தகம் எழுதச் சொன்னது யாரு? வருஷாவருஷம் மேடையேறிப் பாறைன்னு சொல்லிக் கைதட்டு வாங்கச் சொன்னது யாரு? உள்ள இருக்கற ஆளுங்க மேல ஏறி நின்னு தானே கைதட்டு வாங்குனீங்க?"

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டாள். முடியாது என்று தலையசைத்தார். இந்த வயதில் கோர்ட்டு, போலீஸ் என்று அலைய முடியாது. செத்தவர்கள் எப்படியும் வரப்போவதில்லை என்றார். அப்போது அவர் மனைவி உள்ளே வந்து தண்ணீர் டம்ளரை ஸ்கேலம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, கணவனைப் பார்க்காமல் சொன்னார். "இவர் எழுத மாட்டார். இப்ப சொன்னது அத்தனையும் நானும் கேட்டேன். எங்க வந்து சொல்லணுமோ கூப்பிடும்மா, வந்து சொல்றேன்."

மறுநாள் செயற்பொறியாளரிடம் போனாள். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர், மரியாதையாகப் பேசுகிறவர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, தெற்கு வழியை நேராக்கும் யோசனையையே கைவிட்டுவிடலாம் என்றார். படிகளுக்குப் பக்கத்தில் சின்ன மின்தூக்கி ஒன்று வைத்தால் போதும். பலகையில் இருபது வரிதான் வரப்போகிறது, பாறை என்றே இருக்கட்டும். அவளுக்கும் பணி ஓய்வுக்குச் சில வருடங்கள்தானே பாக்கி என்றும் நினைவுபடுத்தினார். அவள் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பேசிப் பயனில்லை என்று தெரிந்த இடத்தில் அவள் எப்போதும் பேசுவதில்லை.

அவள் கையில் ஒரே ஒரு அதிகாரம் இருந்தது. புதிய அமைப்பு வரைபடம் அவள் கையெழுத்தோடுதான் போகும். தீயணைப்புத் துறை, நகர நிர்வாகம், பாதுகாப்பு ஆய்வாளர், எல்லோருக்கும் ஒவ்வொரு பிரதி. அனுப்பிய தாளை யாரும் திரும்ப வாங்க முடியாது. அதில் உள்ள ஒவ்வொரு குறிப்புக்கும் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அவள் இரண்டு நாள் உட்கார்ந்து அந்த வரைபடத்தைப் போட்டாள். டிக்கெட் கூடம், நடுக்கூடம், நடைமேடைகள், காற்று வழி, படிகள், எதிலும் குறை சொல்ல முடியாது. பதினான்காம் தூணுக்கு அப்பால் ஒன்பது மீட்டர் நீளத்துக்குச் சிவப்புக் கோட்டால் ஒரு பெட்டி வரைந்தாள். உள்ளே எழுதினாள்: 'தோண்டியபின் மண் சரிந்து, கான்கிரீட்டால் அடைக்கப்பட்ட பகுதி. பாறை அல்ல. உள்ளே வெற்றிடம் இருக்கலாம். மூன்று தொழிலாளர்களின் உடல்கள் இருக்கின்றன.' கீழே தன் முழுப்பெயரையும் தேதியையும் போட்டு எல்லோருக்கும் அனுப்பினாள்.

செயற்பொறியாளர் அவளைக் கூப்பிட்டுக் கத்தினார். அவர் குரல் உயர்த்தி அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஸ்கேலம்மாவை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். தம்பி போனில் அவளைத் திட்டினான். ஓடிப்போன ஆளுக்காக இருக்கிற வேலையையும் தொலைத்துக்கொள்கிறாயே என்றான். ஆனால் பாதுகாப்பு ஆய்வாளரால் சும்மா இருக்க முடியவில்லை. உடல்களைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததோ இல்லையோ, தினமும் ஆயிரக்கணக்கானோர் நடக்கும் தெருவுக்கு அடியில் வெற்றிடம் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சொன்னபின், பார்க்காமல் விட்டால் நாளைக்கு அவர் தலைதான் உருளும். துளையிட்டுப் பார்க்க உத்தரவு போட்டார்.

பதினான்காம் தூணில் தகரத் தட்டி வைத்து மறைத்தார்கள். பகல் பதினோரு மணி. வேலையில் இல்லாதவளை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். ஸ்கேலம்மா பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்து தட்டிக்கு வெளியே நின்றாள். அவளைத் தாண்டி ஜனங்கள் படி ஏறி, படி இறங்கி, வழக்கம்போலத் திட்டிக்கொண்டு போனார்கள். முதல் துளையில் கான்கிரீட் வந்தது. இரண்டாவதிலும் கான்கிரீட், அதற்குப் பின் களிமண். மூன்றாவது துளையில் இயந்திரத்தின் சத்தம் மாறியது. வெளியே எடுத்த உருளையில் களிமண்ணோடு ஒரு மரத்துண்டு, அதற்குள் துருப்பிடித்த ஆணி, அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துணி. துளை போட்டவர் மேலதிகாரியிடம் கேட்காமலே இயந்திரத்தை நிறுத்தினார். தட்டியை விலக்கி வெளியே வந்து, அங்கே நின்றுகொண்டிருந்த பெண் யார் என்று தெரியாமலே, இனி நான் துளை போட மாட்டேன், கையால்தான் தோண்ட வேண்டும் என்று சொன்னார்.

அம்மாவிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. எழுபத்திரண்டு வயது. காய்ந்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கேலம்மா எதையும் மறைக்கவில்லை. தட்டிய சத்தத்தைக்கூடச் சொன்னாள். அம்மா ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்ப அவரு எங்கயும் போகலையா?"

"எங்கயும் போகலம்மா. அங்கயேதான் இருக்கார்."

அம்மா துணிகளை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள். அழுவாள் என்று ஸ்கேலம்மா எதிர்பார்த்தாள். அம்மாவின் முகத்தில் வந்தது அழுகை இல்லை.

"நாப்பத்தி நாலு வருஷம். அந்த மனுஷனை நான் வையாத நாள் ஒண்ணு சொல்லு பாப்போம். கொன்னது அவனுங்க. கொன்னுட்டு, என் வாயாலயே அவரை வைய வச்சானுங்க. புருஷனைப் பறிகொடுத்தவளேன்னு ஊர்ல ஒருத்தி ஒரு வாய் தண்ணி கொடுப்பா. எனக்கு அதுவும் இல்லாமப் பண்ணிட்டானுங்களே. அவனுங்கள்ல எவன் உசுரோட இருக்கான்?"

ஒப்பந்தக்காரரும் பெரிய பொறியாளரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று ஸ்கேலம்மா சொன்னாள். குமாஸ்தா எங்கே என்று தெரியவில்லை. வரைவாளர் மட்டும் இருக்கிறார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். வரைவாளர் வீட்டுக்குப் போகப்போகிறாள் என்று ஸ்கேலம்மா பயந்தாள். அம்மா நிலையத்துக்குப் போக வேண்டும் என்றாள். திறந்த நாளிலிருந்து அந்த நிலையத்தில் அவள் கால் வைத்ததில்லை.

பதினெட்டு நாள் கையால் தோண்டினார்கள். பதினெட்டு நாளும் அம்மா காலையில் வந்து தட்டிக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எழுந்து போகச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்த பிறகு போகச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். செயற்பொறியாளர் ஒருநாள் குனிந்து நின்று, நிலையத்தில் நினைவுக்கல் வைக்க ஏற்பாடு நடக்கிறது என்று சொன்னார்.

"கல்லு அப்புறம் வைங்க. நின்னுட்டார்னு உங்க நோட்டுல எழுதி வச்சிருக்கே, அதை முதல்ல அடிங்க. அடிச்சுட்டு, வேலை செய்யறப்போ செத்தார்னு எழுதுங்க. எழுதினதை எங்கிட்ட கொண்டாந்து காட்டுங்க."

பழைய பதிவேட்டைத் திருத்த விதி இல்லை என்று அவர் ஆரம்பித்தார். நடந்ததை மாற்றி எழுத அப்போது விதி இருந்ததா என்று ஸ்கேலம்மா கேட்டாள். பக்கத்தில் நின்ற பயணிகளில் இரண்டு மூன்று பேர் வெளிப்படையாகவே அவரைத் திட்டினார்கள். மூன்றாம் நாள் கிட்டங்கியிலிருந்து பதிவேடு வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தரை அங்கேயே நிறுத்தி, திருத்தியதை இரண்டு முறை படிக்க வைத்தாள்.

மூன்று பேரும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக, முட்டு மரத்துக்கு அடியில் கிடைத்தார்கள். அப்பாவை அம்மாதான் அடையாளம் சொன்னாள். இழைப்புளி பட்டு அவருடைய இடதுகை ஆட்காட்டி விரலில் ஒரு கணு இருக்காது. தம்பி அன்றுதான் முதல்முறையாக வந்தான். மருத்துவமனை அறையில் எலும்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றவன், அப்பா என்ன உயரம் என்று அக்காவிடம் கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. உன் உயரம்தான் என்று அம்மா சொன்னாள். அவன் வெளியே போய்ச் சுவரை உதைத்து, கால் வீங்கி, நாலு நாள் வேலைக்குப் போகவில்லை.

வரைவாளர் விசாரணைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று மருத்துவரின் கடிதம் வந்தது. அவர் மனைவி தனியாக வந்து சொன்னபடியே சொல்லிவிட்டுப் போனார். புத்தகத்தைக் கவுண்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்கேலம்மாவை ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள், வருத்தம் தெரிவிக்கவில்லை. அவள் தன் நிறுத்தி வைப்பு உத்தரவை எழுத்தில் ரத்து செய்தால்தான் வருவேன் என்று சொல்லி, அது வரும்வரை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். குற்றவாளிகள் இறந்துவிட்டதால் மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று வந்த கடிதத்துக்கு எதிராக மனு போட்டிருக்கிறாள். அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்று அவள் விரும்பவும் இல்லை.

இரண்டாமவரின் மகள் வேறு ஊரிலிருந்து செய்தி பார்த்து ஓடிவந்து தன் அப்பாவை வாங்கிக்கொண்டு போனாள். மூன்றாமவருக்கு யாரும் வரவில்லை. பதிவேட்டில் பெயர் மட்டும் இருந்தது. ஊர் எழுதும் இடம் காலியாக இருந்தது. கேட்டு வருபவர் இல்லையென்றால் மாநகராட்சியே அடக்கம் செய்துவிடும் என்று பிணவறை ஊழியர் சொன்னார். அம்மா அவரிடம் படிவத்தைக் கேட்டாள்.

"நீங்க அவருக்கு என்ன உறவு?" என்று ஊழியர் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரோட நாப்பத்தி நாலு வருஷம் ஒண்ணா இருந்தவர். என்ன உறவுன்னு நீங்களே பாத்து எழுதிக்குங்க. நான் வாங்கிக்கறேன்."

ஊழியர் கொஞ்சநேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு அண்ணி என்று எழுதி, கைநாட்டு வைக்க மைப்பெட்டியை அம்மாவின் பக்கம் நகர்த்தினார்.